கமலநாதனின் கடவுச்சொல் கிடந்த இடம்

தெப்ரா வட்டாரத்தில் இயந்திரப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் யோகேஸ்வரிக்குப் பதினேழு ஆண்டு வேலை. இயந்திரங்களை ஓட்டும் நிரல்கள் அங்கே ஒரு சர்வரில் இருக்கின்றன. எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்பதைச் சர்வர் பெயரோடு பதிந்துகொள்ளும். ஆட்களுக்குக் கடவுச்சொல் வைத்துக் கொடுப்பது யோகேஸ்வரியின் பொறுப்பு.

முறைப்படி செய்தால், கடவுச்சொல்லைத் திரையில் தெரியாமல் இருமுறை அடிக்க வேண்டும். அறுபது பேருக்கு யார் அடிப்பது? பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரே கட்டளையில் அடித்து முடித்துவிடுவார். அடித்த கட்டளைகள் எல்லாம் சர்வரில் ஒரு கோப்பில் அப்படியே தங்கிவிடும். அது தெரிந்தும் செய்தார்.

போன வாரம் ஒரு நிரலில் யாரோ அளவை மாற்ற, நானூறு பாகங்கள் வீணாயின. பதிவில் இருந்தது டெக்னீஷியன் கமலநாதனின் பெயர். அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது.

"நான் அன்னிக்கு எம்.சி., மெடிக்கல் லீவு லா, சார். காய்ச்சல்ல படுத்துக் கிடந்தேன்."

"வீட்டுலேருந்தும் சர்வருக்குள்ள நுழையலாமே," என்றார் மேலாளர் மரியநாதன். "உங்க பேரு தானா வந்து உக்காந்துக்குமா?"

இதைக் கேட்ட யோகேஸ்வரி தன் திரைக்குத் திரும்பிக்கொண்டார். மூன்று நாள் கழித்துத்தான் மரியநாதனைத் தன் மேசைக்கு அழைத்து அந்தக் கோப்பைத் திறந்தார். கமலநாதன் பெயர்; பக்கத்திலேயே அவருடைய கடவுச்சொல், மறைப்பே இல்லாமல்.

"இத அடிச்சது நான், சார். அட்மின் கணக்குல நுழையிற பதினோரு பேரும் படிக்கலாம்."

"அலமாக்!" என்று தலையில் கைவைத்தார் மரியநாதன். "அப்ப செஞ்சது யாரு?"

"தெரியாது. இனிமே தெரியவும் போறதில்ல."

இதைப் பெருந்தன்மை என்று சொல்வதற்கில்லை. தன் சோம்பலுக்காக இன்னொருவர் வேலை இழப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. அதற்கே மூன்று நாள் தேவைப்பட்டது.

கமலநாதனுக்கு ஒப்பந்தம் நீடித்தது. யோகேஸ்வரிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இப்போது ஒவ்வொருவரும் அவர் மேசைக்கே வந்து தமக்கான கடவுச்சொல்லைத் தாமே அடிக்கிறார்கள்.

"பன்னெண்டு எழுத்து வேணுமா, அக்கா? என் பொண்டாட்டி பேரே அஞ்சுதான்," என்றார் கமலநாதன்.

"அந்தப் பேரு லாபிஸ் ஊரு வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். வேற யோசிங்க."

அவர் யோசித்து அடிக்கும் வரை யோகேஸ்வரி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே வரிசையில் இன்னும் நாற்பத்திரண்டு பேர்.