வலது கைக்கு ஆள் தேவை

அறுபதுகளில் செய்த அமெரிக்கக் கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினால் அதன் பின்பக்கம் நடைபாதையில் நீட்டிக்கொண்டு நிற்கும். அதை எதற்கு வாங்கினாய் என்று கேட்டால் யோக்கியமான பதில் கிடையாது. பின்னால் இருக்கும் சிக்னலுக்காக வாங்கினேன். பக்கத்துக்கு மூன்று சிவப்பு விளக்கு. திரும்பும்போது உள்ளேயிருந்து வெளியே ஒவ்வொன்றாக ஓடி எரியும். "மாரியம்மன் கோயில் சீரியல் செட்டு" என்றாள் மனைவி. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஸ்டியரிங் இடது பக்கம். ஆகவே இந்த ஊரில் டிரைவர் உட்கார வேண்டிய வலது பக்கத்தில் அவள் உட்காருவாள். முறுக்கு தின்றுகொண்டு போனை நோண்டுவாள். அவள்தான் ஓட்டுகிறாள் என்று நினைத்துப் பக்கத்து லேனில் வருகிறவர்கள் கத்துவார்கள். அவளும் பதிலுக்குக் கத்துவாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

எட்டு மாதம் முன்பு, வீட்டருகே உள்ள இறக்கத்தில், ரவுண்டபவுட் வருகிற இடத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் சும்மா தரைக்குப் போய்விட்டது. கார் நேரே போய், யார் வீட்டுப் புல்தரையிலோ ஏறி, குப்பைத் தொட்டியை அவள் பக்கத்துக் கதவோடு சேர்த்து நசுக்கிவிட்டு நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனாள். "இனி அந்தக் கார்ல என் பொணம்கூட ஏறாது" என்றாள். பிரேக்கைவிட அந்தச் சிரிப்புத்தான் அவளுக்கு ஆறவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேசத் தைரியமில்லாமல் பிரேக்கை மட்டும் சரிபண்ணக் கொடுத்தேன். என்ன சாமர்த்தியம் பாருங்கள்!

மெரிலேண்ட்ஸில் கராஜ் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து மெக்கானிக், சாமான்கள் ஒவ்வொன்றாகக் கப்பலில் வரவர, நாலு சக்கரத்து பிரேக்கையும் மாற்றினார். போன சனிக்கிழமை காலை போன் பண்ணினார்.

"அண்ணை, பிரேக் இப்ப கல்லு மாதிரி. ஆனா சிக்னல் சுவிட்ச் செத்துப்போச்சு."

"பிரேக் லைட்டாவது எரியுதா?"

"அதெப்படி? இந்தக் காருக்கு ரெண்டுக்கும் ஒரே பல்ப், ஒரே சுவிட்ச். செத்தா ரெண்டும்தான் சாகும். புதுசு அமெரிக்காவில இருந்து வரோணும். நான் நாளைக்குக் கலியாணத்துக்குக் கனடா போறன், கடையைப் பூட்டோணும். கையைக் காட்டி ஓட்டிக்கொண்டு போங்கோ."

"நான் இடது பக்கம் உக்காந்திருப்பேன். கை வலது பக்கம் எட்டாதே?"

"ஓம், அது உண்மைதான். அக்காவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அந்த அக்காவிடம், அதாவது என் மனைவியிடம், சொன்னேன். "வலது கைக்கு ஆள் வேணும்னு வெக்கமில்லாம கேக்கறீங்க?" என்றாள்.

"பிரேக் கல்லு மாதிரி இருக்காம்."

"இருக்காம்!" என்றாள். ஆனாலும் செருப்பை மாட்டினாள். ரயிலில் மெரிலேண்ட்ஸ் போய்ச் சேரும்வரை போனையே நோண்டிக்கொண்டு வந்தாள்.

காரில் ஏறியதும் அவளுக்குப் பொறுப்பு வந்துவிட்டது. அவள் கையை நீட்டினால் வலது. மடக்கி உயர்த்தினால் நிற்கிறோம். இடது என்றால் என் ஜன்னலில் என் கை. முதல் திருப்பத்திலேயே எதிரே வந்தவன் அவளைப் பார்த்துக் கையசைத்தான்.

"அவனுக்கு என்னவாம்?"

"நீ ஹலோ சொல்றேன்னு நெனச்சிட்டான்."

"மூதேவி, திரும்பறோம்டா!" என்று ஜன்னல் வழியே தமிழிலேயே கத்தினாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். இவளிடம் சிரித்து ஒருமுறை பட்டது போதும்.

கடைசியில் அதே இறக்கம் வந்தது. அவள் கையை மடக்கி உயர்த்தினாள். வளையல்கள் முழங்கை வரை சரிந்தன. அவள் பக்கம் பெடலே இல்லை. ஆனாலும் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தாள். நானும் மிதித்தேன். ரவுண்டபவுட் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது. அவள் கையை இறக்கவில்லை.

"ஏன், இன்னிக்கு சிரிப்பு வரலையா?"

"அன்னிக்கு பயத்துல சிரிச்சேன். கால் ரெண்டும் உதறிச்சு. அதான் நீ இறங்கிப் போனப்போ பின்னாலயே வர முடியல. சாரிம்மா."

என்னையே பார்த்தாள்.

"எட்டு மாசமா, நான் மட்டும்தான் பயந்தேன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள்.

பின்னால் நின்றவன் ஹார்ன் அடித்தான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கையை நேராக வலது பக்கம் நீட்டினாள்.

"போங்க, நான் காட்றேன்."