மண்டைக்காட்டு வள்ளமும் மூன்று வெளிச்சங்களும்

தக்கலையில் ஒரு ஸ்டூடியோவின் மாடியறையில், மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், நாங்கள் எட்டுப் பேர் கூடுவோம். எவருக்கும் புகைப்படம் பிழைப்பன்று. ஒருவர் வங்கி எழுத்தர். ஒருவன் என் வயதினன், கடற்கரைக்காரன், தகப்பனோடு வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். ஞாயிறன்று அவர்கள் கடலுக்குப் போவதில்லை என்பதற்காகவே கூட்டம் ஞாயிறன்று வைக்கப்பட்டது. நான் கல்லூரி மாணவன். நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை பேச்சுப் போட்டி மேடைகளில் என் பெயரை ஒலிபெருக்கி அறிந்திருந்த காலம் அது.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. படம் திரையில் தெரியும்போது எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. மற்ற ஏழு பேரும் சொல்லி முடித்த பிறகே அவருக்கு மூன்று நிமிடம். எந்தத் தலைப்புக்கும் எந்தப் பக்கமும் நின்று பேசப் பயின்ற எனக்கு, அந்த மௌனத்தைவிடக் கடினமான பயிற்சி வேறெதுவும் வாய்த்ததில்லை.

அவ்வாண்டு எங்கள் முதல் கண்காட்சிக்குப் பன்னிரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தோம். நான் கொண்டுசென்றது ஓர் எச்.டி.ஆர். படம். ஒரே காட்சியை இருட்டாக, அளவாக, வெளிச்சமாக மூன்று முறை எடுத்து, கணினியில் ஒன்றாக இணைப்பது அந்த முறை. மாலை வானத்தின் சிவப்பும் மணலின் நிழலும் ஒருசேரக் கிடைக்கும். எங்கள் வட்டாரத்தில் அதை முதலில் கற்றவன் நான். வங்கி எழுத்தரோ அதைப் புகைப்படமென்றே ஒப்புக்கொள்ளாதவர். என் படம் வீழ்ந்தால் எச்.டி.ஆர். படமே கண்காட்சிக்கு வேண்டாம் என்று தீர்மானம் கொண்டுவரப்போவதாக முன்னதாகவே அறிவித்திருந்தார். ஆகவே அன்று திரைக்கு வந்தது என் படம் மட்டுமன்று, என் கட்சியும்தான்.

மண்டைக்காட்டுக் கடற்கரை. சூரியன் விழும் நேரம். கரைக்குத் திரும்பும் ஒரு வள்ளம். மூன்று முறை எடுப்பதற்குள் வள்ளம் நகர்ந்துவிட, இணைத்த படத்தில் மூன்று வள்ளங்கள் ஆவிபோல் தெரிந்தன. எனவே வள்ளத்தை ஒரு படத்திலிருந்தும் அலையை இன்னொன்றிலிருந்தும் வெட்டி ஒட்டியிருந்தேன். ஒட்டு தெரியாத வேலை. எனக்கு அதில் பெருமிதம்.

வங்கி எழுத்தர் தொடங்கினார். “புதுசா பெயிண்ட் அடிச்ச பஸ்ஸைப் பாத்த மாதிரி இருக்கு. இதுல ஏறதா, தள்ளி நிக்கதான்னு தெரியல்ல.”

அறை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சட்டைப்பையில் மூன்று நிமிட உரை மடிந்திருந்தது.

பிறகு கடற்கரை நண்பன் திரைக்கு அருகே குனிந்தான். “ஏலே மக்கா, வள்ளத்துக்க பின்பக்கம் மேல நிக்குது. அதைத் தூக்கின அலை எங்கலே? அது கரையில கெடக்கு. இப்படி வந்தா மூக்கு மண்ணில குத்தி மறிஞ்சிரும். உள்ள இருக்கவனெல்லாம் நீந்திதான் வீட்டுக்குப் போணும்.”

எவரும் கண்டிராத ஒட்டை அவன் அலையை வைத்துக் கண்டுவிட்டான்.

என் முறை வந்தது. ஓவியன் கண்ணுக்கு உள்ள உரிமை, கலைக்குள்ள சுதந்திரம் என்று என்னால் வாதாடியிருக்க முடியும். கைத்தட்டலும் கிடைத்திருக்கும். உரையை நான் வெளியே எடுக்கவில்லை. “அவன் சொல்வது சரி. எந்த நொடியிலும் கடல் இப்படி இருந்ததில்லை. படத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பிழை என்னுடையது, முறையினுடையதன்று. தீர்மானத்தை ஒரு மாதம் ஒத்திவையுங்கள்.”

“மேடையில தோத்தா, அடுத்த மாசம் வாறேன்னு நடுவர்ட்ட சொல்லுவியாடே?” என்றார் எழுத்தர்.

“சொல்ல நேர்ந்ததில்லை அண்ணே. தோற்றுப் பழக்கமில்லை.”

அதற்கு அவரே முதலில் சிரித்தார். ஒரு மாதம் கிடைத்தது.

நான்கு சனிக்கிழமை மாலைகள் மண்டைக்காட்டு மணலில் நின்றேன். இம்முறை மூன்றை இணைக்கவில்லை, ஒரே நொடியில் எடுத்த ஒரே படம். கேமரா எதையும் திருத்தாமல், வாங்கிய வெளிச்சத்தை அப்படியே வைத்துக்கொள்ளும் ரா கோப்பாக எடுத்தேன். அந்த ஒன்றிலிருந்தே இருட்டு, அளவு, வெளிச்சம் என்று மூன்று பிரதிகளைக் கணினியில் உருவாக்கி இணைத்தேன். நிழல்களில் கொஞ்சம் புள்ளி தட்டியது. ஆனால் அலையும் வள்ளமும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை.

அடுத்த கூட்டத்தில் படம் திரைக்கு வந்தபோது கடற்கரை நண்பன் எழுந்து அருகே போனான். பிறகு திரையைத் தொட்டான்.

“இது எங்க சித்தப்பா. பின்னால நின்னு துடுப்பு பிடிக்கும்போ வலது தோளைச் சாச்சுதான் நிப்பாரு.” எழுத்தரைத் திரும்பிப் பார்த்தான். “அண்ணே, நீங்க எடுக்கிய சூரியாஸ்தமனத்தில எல்லாம் எங்க ஆளுவ கரிக்கட்டையாத்தான நிக்கியாவ? யாரு எவருன்னு தெரியுமா? இதில ஆளு தெரியுது.”

மூன்று நிமிடம் எனக்கு அளிக்கப்பட்டது. நான் அரை நிமிடத்தில் முறையை விளக்கி அமர்ந்தேன். என் கட்சிக்காக எனக்குத் தெரிந்த எந்தப் பேச்சாளரையும்விட நன்றாக ஒருவன் பேசி முடித்திருந்தான். எழுத்தர் தம் தீர்மானத்தைக் கொண்டுவரவில்லை. “புள்ளி கொஞ்சம் ஜாஸ்தி,” என்றார். பிறகு படத்தைச் சேர்க்கலாமென்று கை உயர்த்தினார்.

கண்காட்சியின் இரண்டாம் நாள், சித்தப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் குடும்பத்தோடு வந்தார். தம் படத்தின் முன் இரு கைகளையும் பின்னால் கட்டி நின்றார்.

“தோளுக்கிட்ட சட்டைக் கிழிசலும் தெரியுதேப்பா.”

“தெரியும்படிதான் எடுத்தேன்.”

“நல்லதாக்கும்,” என்றார். “பொய்யில்ல.” மனைவியை அருகே அழைத்து, விரலால் தம்மைக் காட்டினார். கோப்பைகள் பல வாங்கியிருக்கிறேன். எதை வாங்கும்போதும் அன்று அந்தப் படத்தருகே நின்றதுபோல் நான் நிமிர்ந்து நின்றதில்லை.