நான்கு காலில் ஒரு வாய்க்கால்

இந்தப் புத்தகத்தைச் சென்னையிலேயே கணினியில் அச்சிட்டிருக்கலாம்தான். ஆனால் எழுத்து தாளில் அழுந்திய பள்ளத்தை விரலால் தொட்டுப் படிக்க வேண்டும் என்று தோன்றியிருந்தது. மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் புத்தகம். விரித்தால் பதினான்கு அங்குல வாய்க்கால். உள்ளே ஒரே வரி. கையால் செய்த தாள் பன்னிரண்டு இருந்தது, உபரி ஒன்றுகூட இல்லை. சனிக்கிழமை தஞ்சாவூரில் நடக்கும் கண்காட்சிக்குப் பன்னிரண்டு பிரதி தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். அதனால்தான் ஆடியில் ஒரு வியாழன், பாபநாசம்.

தஞ்சாவூரில் காலை 8.10க்குக் கும்பகோணம் பேருந்து. இருபத்தைந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், இருபத்தைந்து ரூபாய். வழியெங்கும் உழுத சேறு, நடுவில் சதுரம் சதுரமாக நாற்றங்கால். தண்ணீர் வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

அங்கே இன்னும் ஈய எழுத்துக் கோக்கும் அச்சகம் ஸ்டெல்லா அக்காவுடையது. ரசீது புத்தகங்களுக்கு எண் போடும் வேலை மலையாகக் குவிந்திருந்தது. அதை நிறுத்திவிட்டு என் வரியைக் கோக்க ஆரம்பித்தார்: 'மழையாக வந்து வாய்க்காலாகப் பிரிந்து நாற்றங்காலில் நின்றது.'

பாதியில் கை நின்றது. "கால் தீந்துபோச்சும்மா."

துணைக்காலைச் சொல்கிறார் என்று புரியச் சற்று நேரமானது.

"கொம்பு வேணா எத்தனை வேணாலும் தரேன்."

என் வரியில் ஒற்றைக்கொம்பும் இல்லை, இரட்டைக்கொம்பும் இல்லை. கால் ஆறு. பெரிய எழுத்தில் அவரிடம் நசுங்காமல் இருந்தது நான்கு.

"மழைக்கு ஒண்ணு, வாய்க்காலுக்கு மூணு. தலைமடையே எல்லாத்தையும் குடிச்சிடுச்சு. கடைமடைக்கு ஒண்ணும் இல்ல. எங்க ஊர் கதைதான்."

நாற்றங்காலை எடுத்துவிட்டு 'வயலில்' என்று போட்டுப் பார்த்தேன். வயல் எந்த ஊரிலும் இருக்கிறது. திரும்ப மாற்றினேன்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தார். "முறை வச்சு விட்ருவோம்."

பாசனத்தில் தண்ணீர் பற்றாதபோது செய்வதுதான். முதல் பாதியைப் பன்னிரண்டு தாளிலும் அடிப்பது. பிறகு அந்த நான்கு காலில் இரண்டை உருவி மறு பாதிக்கு வைப்பது. ஆபத்து இதுதான்: ஒவ்வொரு தாளும் இரண்டு முறை இயந்திரத்துக்குள் போக வேண்டும், மறுமுறை வரி விலகலாம். இடையில் மை காய ஒரு இரவு. பாபநாசத்தில் தங்குவதாக எண்ணம் இல்லை. தங்கினேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முதல் தாள் வெளியே வந்தது. 'நாற்றங்காலில் நின்றது' ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தது.

அக்காவின் முகம் மாறியது. "ஒண்ணு போச்சேம்மா. மத்ததுக்கு ஏத்தி வச்சிடறேன்."

தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். "அக்கா, வாய்க்காலுக்கு வாட்டம் வேணும்தானே?"

"வேணும். இல்லேன்னா தண்ணி எப்படிப் போகும்?"

"அப்ப ஏத்தாதீங்க."

"கோணலா அடிச்சதுக்குச் சண்டை போட்டவங்களத்தான் இதுவரைக்கும் பாத்திருக்கேன்," என்றார். மற்ற பதினொன்றையும் அதே வாட்டத்தில் அடித்தார்.

போக நினைப்பவர்களுக்கு: உபரித் தாள் எடுத்துப் போங்கள். வரியை எழுதியதும் கால், கொம்பு எத்தனை என்று எண்ணி, தொலைபேசியில் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு நாளில் முடியும் என்று நம்ப வேண்டாம்.

மதியம் 3.20 பேருந்தில் தஞ்சாவூர் வந்து, ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு அறை எடுத்து, மறு பாதியின் மையையும் இரவெல்லாம் காயவிட்டு, காலையில் கை கழுவிவிட்டு, பன்னிரண்டையும் மடித்தேன்.