பாதியில் நின்ற கல்யாணக் கார்

எங்கள் அண்ணனுக்கு நினைவு மலர் எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். நம்ப முடியவில்லை. இதைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அதே நிலைதான் என்று தெரியும். ஐம்பது வயது நிறையும்போது எல்லோரையும் கூப்பிட்டுப் பெரிதாக ஒரு சாப்பாடு போடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். எப்போது, எப்போது என்று அவரை நச்சரித்தவர்களில் நானும் ஒருத்தி. இன்று அவருடைய முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு உங்களை அழைத்திருக்கிறோம். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அண்ணன் பிறந்தது வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அம்மா கொழுந்து எடுத்தார். நாங்கள் இரண்டே பிள்ளைகள். அண்ணன் மூத்தவர், நான் இளையவள். அப்பா நோயில் விழுந்தபோது அண்ணன் சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு கொழும்புக்குப் போனார். எங்கள் தோட்டத்துப் பையன்கள் வழக்கமாகப் போகும் புடவைக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் போகாமல், வாகனம் கழுவும் இடமொன்றில் சேர்ந்தார். அங்கேதான் முதன்முதலாகப் பாலிஷ் மெஷினைப் பிடித்தார். பிறகு கட்டாரில் சில வருடங்கள் அதே வேலை. அவர் அங்கே வெயிலில் நின்றதால்தான் நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன், இன்று பூண்டுலோயாவில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். ஊர் திரும்பியவர் அண்ணியைக் கைப்பிடித்தார். ஹட்டனில் வாடகை வீடு எடுத்து, வீட்டுக்குக் கீழே ரோட்டோரமாக ஒரு தகரக் கொட்டகை போட்டார்.

“வெளிநாடு போய் வந்து கார் கழுவுறாரு” என்று சொந்தக்காரர்களே சிரித்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன், இந்த மலரை அவர்களும் வாங்குவார்கள். அண்ணன் கோபப்படவில்லை. கழுவினால் அழுக்குத்தான் போகும், பாலிஷ் போட்டால்தான் கீறல் போகும் என்று பொறுமையாக விளக்குவார். அடுத்த வருடம் அதே ஆட்கள் வேன் வாங்கிக்கொண்டு அவரிடமே வந்தார்கள்.

அவருடைய வேலை ஒழுங்கு எங்கள் வீட்டில் பிரசித்தம். காரைத் தொடுமுன் கைக்கடிகாரம், மோதிரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார். ரப்பர் ஓரங்களிலும் விளக்குகளைச் சுற்றியும் டேப் ஒட்டுவார். டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத சுருள் கீறலெல்லாம் தேடுவார். சாவிக்கொத்தோடு யாராவது காரில் சாய்ந்தால் அது மாமனாராக இருந்தாலும் தள்ளி நிற்கச் சொல்லிவிடுவார். வாக்ஸ் என்கிற மெழுகைப் பூசினால் அது காய்ந்து மங்கின பிறகுதான் துடைக்க முடியும். எங்கள் ஊர்ப் பனி இறங்கிவிட்டால் அது காயவே காயாது. அதனால் எத்தனை மணிக்கு முடியும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டார். எதிர்மலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பனி விட்டா நாளைக்கு” என்பார்.

நம்மவர்களிடம் அவருக்கு ஒரே ஒரு தீராத வழக்கு இருந்தது. பாலிஷ் போட்ட கார் நேராகக் கோயிலுக்குத்தான் போகும். பூசை முடிந்து வரும்போது பொனட்டில் சந்தனம், குங்குமம், மஞ்சள் எல்லாம் ஏறியிருக்கும். அது காய்ந்து கறையாகும். ஒருவர் பொனட்டின் மேலேயே சூடம் கொளுத்தி, பெயின்டில் வட்டமாக ஒரு தழும்போடு மறுநாள் காரைத் திருப்பிக் கொண்டு வந்தார். “நம்பர் பிளேட்டுல வைங்க, சாமி கோவிச்சுக்க மாட்டாரு” என்று அண்ணன் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டார். யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்வதை நிறுத்தவில்லை.

கடைசி வாக்ஸ் போடும் நேரம் வந்தால் கொட்டகையின் முன்னால் தொங்கும் தார்ப்பாய்ப் படங்கை இறக்கிக் கட்டிவிடுவார். ரோட்டுத் தூசி விழும் என்பார். வாடிக்கையாளர்கள் வெளியே நாற்காலியில் காத்திருப்பார்கள். படங்கு மேலே போகும்போது கார் கண்ணாடியாக நிற்கும். ஹட்டனில் அண்ணனின் கைக்கு ஈடு இல்லை என்று பேசிக்கொண்டார்கள். நானும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

அந்தப் புதன்கிழமை கொட்டகையில் நின்றது கினிகத்தேனையில் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவரின் வெள்ளைக் கார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய இளைய மகளுக்குக் கல்யாணம். மணப்பெண் அந்தக் காரில்தான் வர வேண்டும். அண்ணன் பொனட்டையும் சாரதி பக்கத்தையும் முடித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சில் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் சுடுதண்ணீர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அண்ணி தண்ணீரோடு வரும்போது சரிந்து கிடந்தார். பக்கத்தில் நின்ற முச்சக்கர வண்டித் தம்பி தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு நாள்கூடக் காய்ச்சல் என்று படுக்காத மனிதர்.

நான் வகுப்பில் இருந்தேன். அண்ணி போனில், “அண்ணா போயிட்டாங்க” என்றார். எங்கே போனார் என்று கேட்டேன். எங்கே போனார், சொல்லுங்கள் என்று இன்னொரு தரம் சத்தமாகக் கேட்டேன். பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று காலையில்கூட என்னோடு பேசினவர், போய்விட்டார் என்றால் எனக்கு அப்படித்தானே கேட்க வரும்?

மறுநாள் அடக்கம். அவர் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு கழுவியும் நகக்கண்ணில் பாலிஷ் பசை வெள்ளையாக இருந்தது. பெட்டியை மூடும்போதுகூட, எழுந்து உட்கார்ந்து எங்களைக் கேலி செய்வார் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆண்கள் மயானத்துக்குப் போய்ப் பால் தெளித்துவிட்டு வந்தார்கள். கார் பாதி வேலையோடு நிற்கிறது என்ற பேச்சு அப்போதுதான் எழுந்தது. ஒரு பக்கம் பளபளவென்றும் மறுபக்கம் மங்கலாகவும், ஓரமெல்லாம் டேப்போடு நின்றது. டேப்பை உரித்து, மன்னிப்புக் கேட்டு, அப்படியே கொடுத்துவிடலாம் என்று எங்கள் தாய்மாமா முடிவு சொன்னார். அண்ணி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து போனதை யாரும் கவனிக்கவில்லை.

திடீரென்று கீழே பாலிஷ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

“அண்ணா” என்று நான் எழுந்தே விட்டேன். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி அண்ணன் உயிரோடு இருந்தார். எல்லோரும் படியிறங்கி ஓடினோம். படங்கு மேலே சுருட்டிக் கட்டியிருந்தது. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கும்படி, அண்ணனின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அண்ணி நின்றார். கழுத்தில் ஒன்றுமில்லை, நெற்றியில் ஒன்றுமில்லை. மெஷினை இரண்டு கையாலும் பிடித்து மறுபக்கக் கதவில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

மாமா ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். “புருசன அனுப்பி ஒரு பொழுது ஆகல. அது பொண்ணு ஏறுற காரு புள்ள. உன் கை அதுல படலாமா?”

அண்ணி அழவில்லை. “ரெண்டு வருசமா எல்லாக் கல்யாணக் காருலயும் என் கைதான் மாமா பட்டுச்சு” என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. இத்தனை வருடம் மெஷின் பிடித்ததில் அண்ணனுடைய வலது தோள் இறுகிப்போயிருந்தது. கையை நெஞ்சுக்கு மேலே தூக்க முடியாது. தலைகூட இடது கையால்தான் சீவினார். படங்கு இறங்கிய பிறகு காரின் கூரை, மேல் பாகமெல்லாம் அண்ணிதான் செய்தார். கடைசி வாக்ஸ் முழுக்க அண்ணியுடையது. படங்கை இறக்கச் சொன்னதும் அண்ணிதான். பெண்டாட்டி கையில் வேலை வாங்கிச் சாப்பிடுகிறார் என்று அவரை யாரும் பேசிவிடக் கூடாதே என்று.

எனக்கு அண்ணன் போன செய்தியை இரண்டாம் தரம் கேட்ட மாதிரி இருந்தது. போன பொங்கலுக்கு அவர் இடது கையால் கரும்பு வெட்டினார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம், சிரித்தோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவரும் எங்களோடு சேர்ந்துதான் சிரித்தார்.

மாமா மசியவில்லை. இது வெளியே தெரிந்தால் இனி ஒரு கல்யாணக் காரும் இந்தப் பக்கம் வராது என்றார். அதற்குத்தான் அண்ணியும் பயந்தார். அண்ணனின் மகள் இந்த வருடம் பரீட்சை எழுதுகிறாள். அந்தக் கொட்டகையைத் தவிர அவர்களுக்கு வேறு கதியில்லை. பிளக்கைத் தாங்க என்று அண்ணி கையை நீட்டினார். மாமா தரவில்லை. அந்த நேரம் பார்த்து முதலாளி வந்து இறங்கினார்.

மாமா முந்திக்கொண்டார். பாவம், துக்கத்தில் தெரியாமல் தொட்டுவிட்டது, மனதில் வைக்க வேண்டாம், மஞ்சள் தண்ணீர் தெளித்து எடுத்துப் போங்கள் என்று கும்பிட்டார். முதலாளி அண்ணியையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் இறுகியது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எந்தத் தகப்பனுக்கும் அந்த இடத்தில் பயம் வரும்.

அண்ணி சாவியை எடுத்து நீட்டினார். “வேணாம்னா இப்பவே கொண்டு போங்க முதலாளி. ஆனா மறைக்க மாட்டேன். உங்க மூத்த பொண்ணு கல்யாணத்துக்குப் போனதும் இதே காருதான். அன்னைக்கும் வாக்ஸ் போட்டது நான்தான்.”

முதலாளி சாவியை வாங்கவில்லை. காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். முடிந்த பக்கத்தில் நின்றார், முடியாத பக்கத்தில் நின்றார்.

“மூத்தவ நல்லாத்தான் இருக்கா, தங்கச்சி” என்றார். “சின்னவளுக்கும் நீயே முடிச்சுக் குடு.”

மாமாவின் கையிலிருந்த பிளக்கை அவரே வாங்கிச் சொருகினார். பிறகு வெளியே நாற்காலியைப் போட்டு, ரோட்டைப் பார்த்தபடி, வேலை முடியும்வரை உட்கார்ந்திருந்தார். அண்ணி வேலை செய்துகொண்டே அழுதார். கண்ணீர் பெயின்டில் விழாமல் முழங்கையால் துடைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மணப்பெண் அந்தக் காரில் போனாள்.

எங்கள் துக்கத்தில் பங்கெடுத்தவர்கள் பலர். அண்ணனை ஆஸ்பத்திரிக்குச் சுமந்தோடிய முச்சக்கர வண்டித் தம்பிக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் மூன்று வேளையும் சமைத்துத் தந்த பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்துக்கும், லொறி பிடித்து வந்து குழி வெட்டி நின்ற தோட்டத்து மக்களுக்கும், என் பாடசாலை ஆசிரியர்களுக்கும், கினிகத்தேனை முதலாளிக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். மாமாவுக்கும்தான். அடக்கத்துக்கான அத்தனை வேலையையும் அவர்தான் தலையில் போட்டுச் செய்தார்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இதை எழுதும் நாள்வரை கொட்டகைக்கு வேறு வாகனம் வரவில்லை. துக்க வீடு என்று கூச்சப்படுகிறீர்களோ, அண்ணன் இல்லை என்று நினைக்கிறீர்களோ, மாமா சொன்ன பயம்தானோ, எனக்குத் தெரியாது. அண்ணியோ தினமும் காலையில் இறங்கிப்போய்க் காத்திருக்கிறார். ஆறுதல் சொல்ல இன்னும் பலர் வருவீர்கள். பழம், பிஸ்கட் ஒன்றும் வேண்டாம். உங்கள் வாகனத்தில் வாருங்கள். வந்து, சாவியை அண்ணியின் கையில் கொடுங்கள்.

இன்னும் நம்ப முடியாமல்,
தங்கை