ரஃபி சாக்கடைப் பக்கம் விழுந்த பிளேஆஃப்

கண்டென்ஸ்டு பால் காய்ந்து ஒட்டிய கண்ணாடி டம்ளர். மேசையிலிருந்து எடுத்தால் சின்னதாய் ஒரு சத்தத்தோடுதான் பிய்ந்து வரும்... யாங்கோனின் தின்கன்ஜூன் பேட்டையில் எங்கள் தெருமுனை டீக்கடையை நினைத்தால் இன்றும் முதலில் அந்தப் பிசுபிசுப்புதான் விரலுக்கு வருகிறது.

நாங்கள் மூன்று பேர். நான், குமார், ரஃபி. மூவரும் தமிழ். ஸ்கூலில் மட்டும் ஆளுக்கொரு பர்மியப் பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே உட்கார்ந்து நாட்டின் புரொஃபஷனல் ஃபுட்பால் லீக்கைத் திருத்தி அமைப்போம். எங்களை யாரும் கேட்கவில்லை, சும்மாதான்.

டம்ளர்கள்தான் கிளப்புகள். யாங்கோன் கிளப்புகள் ஒரு டிவிஷன், வடக்கே உள்ளவை இன்னொரு டிவிஷன். இரண்டிலும் முதலில் வருகிறவர்கள் பிளேஆஃப்பில் மோத வேண்டும்.

"வடக்க இருந்து வர்றவன் ராத்திரி முழுக்க பஸ்ல குலுங்கி வந்து ஆடுறான். இங்க உள்ளவன் வீட்ல தூங்கி எந்திரிச்சு வர்றான். இதென்னடா நியாயம்? தூரம் பாத்துப் பிரி" என்பான் ரஃபி.

பிரித்து முடித்ததும் கணிப்பு. யார் ஜெயிப்பார்கள், எத்தனை கோல். தப்பாகச் சொன்னவன் கோயில் அன்னதானத்தில் அண்டா கழுவ வேண்டும். அதுதான் பந்தயம்.

பெரும்பாலும் ரஃபிதான் தோற்பான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோயில் பின்புறம் சாம்பார் அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்ப்பான். "உங்க கோயில் சாம்பார்ல புளி ஜாஸ்திடா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். பாய் வீட்டுப் பையன் நம் அண்டாவைத் தொடலாமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கழுவ ஆள் கிடைத்ததே என்றுதான் இருந்தார்கள்.

ஒரு ஞாயிறு ஊ மாணிக்கம் டீ குடிக்க வந்தார். பெரியவர்களை பர்மியர் மாதிரி 'ஊ' போட்டுத்தான் கூப்பிடுவோம். எங்கள் தெருப் பையன்கள் ஆடும் பொங்கல் கப்பை நடத்துகிற கோயில் கமிட்டியின் தலைவர். அதில் ஆறு டீம், ஒரே டிவிஷன். எங்கள் டீமில் ரஃபிதான் கோல்கீப்பர்.

"என்னாப்பா இது, டம்ளரை வச்சு விளையாட்டு?"

குமார் பெருமையாக விளக்கினான். அவர் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தார்.

"அட, நல்ல ஐடியாவா இருக்கே. நம்ம கப்பையும் இப்படி ரெண்டாப் பிரிச்சுட்டா சண்டை சச்சரவு இல்லாம போயிரும்."

ரஃபி பாதி குடித்து வைத்திருந்த டம்ளரை எடுத்தார். பக்கத்து மேசையில் வைத்தார்.

"இவங்க பசங்க அந்த டிவிஷன். நம்ம பசங்க இந்த டிவிஷன். கடைசில ஒரு பிளேஆஃப். எல்லாரும் ஒண்ணுதானப்பா!"

"எல்லாரும் ஒண்ணுன்னா என் டீ எதுக்கு ஊ அங்க போச்சு?" ரஃபி சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

"கோவிச்சுக்காத தம்பி. உன் நல்லதுக்குத்தான்."

ரோட்டில் எங்களை இந்தியக்காரன் என்று கேவலமாகக் கூப்பிடுகிறவன், நீ கோயிலா பள்ளிவாசலா என்று விசாரித்துவிட்டுக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் ஒரே வசவுதான். அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிற நாங்கள், எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் அதே வேலையை ஆரம்பித்துவிடுகிறோம். இதில் "நல்லதுக்குத்தான்" வேறு.

அந்தப் பொங்கலுக்குக் கப்பை அப்படியே இரண்டாகப் பிரித்தார்கள். பிளேஆஃப்புக்கு எங்கள் டீமும் ரஃபி போய்ச் சேர்ந்த டீமும் வந்தன. அதற்கு முந்தின ஞாயிறு வழக்கம்போலக் கணிப்பு.

"நீங்கதாண்டா ஜெயிப்பீங்க. உன்னைத் தாண்டி கோல் போட எங்கள்ல எவனுக்குத் தெரியும்?" என்றேன்.

"நீங்க ஒண்ணு, நாங்க சைபர்" என்றான் ரஃபி.

"சும்மா சொல்லாதடா."

"எங்க வாப்பா கடைக்கு வர்றதுல பாதிப் பேரு உங்க ஆளுங்க. ஊ மாணிக்கம் நேத்து கடைக்கு வந்தாரு. 'கோயில் கப்பு, பாய். பையனைப் பாத்து ஆடச் சொல்லுங்க'ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு."

குமார் அதற்கும் ஒரு ஜோக் அடித்தான். ரஃபி டீயைக் குடித்து முடித்தான்.

ஆட்டம் முடியும் நேரத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அதுவரை கோல் இல்லை. அடிக்கப் போனது நான். கோலுக்கு ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் சாக்கடை. நான் எப்போதும் ரோட்டுப் பக்கம்தான் அடிப்பேன், வேறு பக்கம் எனக்கு வராது. இது உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த ஒருவன் இருந்தான் என்றால் அவன் எதிரே கோலில் நின்றுகொண்டிருந்தான்.

ரோட்டுப் பக்கம் அடித்தேன். ரஃபி சாக்கடைப் பக்கம் பாய்ந்தான். நான் காலைத் தூக்கும் முன்பே அவன் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது... அதை நான் பார்த்தேன்.

என்னைத் தோளில் தூக்கினார்கள். உயரத்திலிருந்து பார்த்தபோது அவன் முழங்கையில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஊ மாணிக்கம் எனக்கு மாலை போட்டார். மாலை கழுத்தில் அரித்தது. வாழ்க்கையில் அவ்வளவு கூசியதில்லை. கோல் போட்டவன் நான், கூசியவனும் நான்.

கணிப்பில் தோற்றதும் நான்தான். அன்று சாயந்திரம் அண்டா கழுவினேன். தனியாக. உள்ளே தலையை விட்டபோது புளி வாசனை மூக்கைத் தாக்கியது. ரஃபி சொன்னது சரி, ஜாஸ்திதான்.

இப்போது அவன் மலேசியாவில், ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. குமாரும் போய்விட்டான். தெருவில் பையன்களே இல்லை. இங்கே இருந்தால் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, வழி கிடைத்தவர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். டீக்கடையில் பாதி ஸ்டூல் காலி.

பொங்கல் கப் மட்டும் நடக்கிறது. இந்த வருஷ நோட்டீஸை நேற்று ஒட்டினார்கள். அப்போது ஆறு டீம், ஒரு டிவிஷன். இப்போது இரண்டே டீம்... இரண்டு டிவிஷன். ஆளே இல்லாவிட்டாலும் நடுவில் கோடு மட்டும் வேண்டும். நேராக பிளேஆஃப்தான்.

நோட்டீஸைப் போட்டோ எடுத்து ரஃபிக்கு அனுப்பினேன். "கணிப்பு சொல்லு" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

வேலை முடிந்து வந்து பதில் போட்டிருந்தான்.

"நீங்க ஒண்ணு, நாங்க சைபர்."