சிரஸ்தார் வீட்டு மோட்டார் பாதை

போன சனிக்கிழமை ஒரு வாடகை மோட்டாரில் ஏறி, திங்கள்சந்தைக்குத் தெற்கே ஒரு வீட்டின் போர்ட்டிகோவில் போய் இறங்கினேன். ரோட்டிலிருந்து கேட், கேட்டிலிருந்து போர்ட்டிகோ... எங்கேயும் சக்கரம் புதையவில்லை. வண்டி குலுங்கவில்லை. பாதை போட்ட கண்டிராக்டர் பெருமூச்சு விட்டார். டிரைவர் சிரித்தார். வீட்டுக்காரர் மட்டும் சாவுச் செய்தி கேட்டவர் மாதிரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மோட்டார் வரவேண்டும் என்பதற்காகவே பாதை போட்ட மனிதர். அதில் மோட்டார் வந்துவிட்டது. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? எனக்கும் அந்த நிமிஷம் விளங்கவில்லை. முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்காரர் பெயர் ஏசுவடியான் என்று வைத்துக்கொள்ளுங்கள்; பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன், காரணம் கடைசியில் தெரியும். கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் தென்னைக்கு உரம் வைப்பார்கள். கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். இவர் பெட்டிஷன் எழுதினார். என்ன எழுத்து, என்ன எழுத்து! தாழ்மையுடன்தான் தொடங்கும். முடிகிற இடத்துக்கு வரும்போது எதிராளிக்கு இடுப்புத் துணிகூட மிஞ்சாது.

இந்தத் தடவை அவர் பேனாவில் அகப்பட்டவர் மிக்கேல். கடியப்பட்டணத்துக்காரர். குடும்பம் முழுக்கக் கடலில் கிடக்க, இவர் ஒருவர் மட்டும் கரையேறி, மராமத்து இலாகாவில் லைசென்ஸ் வாங்கி, கலுங்கு என்கிற சின்னப் பாலங்கள் கட்டி, ரோடு போட்டு, நல்ல பெயரோடு இருந்தவர்.

சிரஸ்தாரின் வீடு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது. பழைய பாதையில் மாட்டுவண்டி போகும். மழை பெய்தால் அதுவும் யோசித்துத்தான் போகும். அதை அகலப்படுத்தி, வாசல்வரை மோட்டார் வரும்படி பண்ண வேண்டும் என்று மிக்கேலைக் கூப்பிட்டார். வெறும் பாதை போதாதாம். திருவனந்தபுரத்தில் தார் போட்ட ரோட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அந்த மாதிரி கறுப்பாக இருக்க வேண்டுமாம்.

தாருக்கு மிக்கேல் எங்கே போவார்? ஆனால் நம் பக்கத்தில் கறுப்புக்கா பஞ்சம்? மணவாளக்குறிச்சிக் கடப்புறத்தில், அலை ஒதுங்குகிற கரையெல்லாம், கருமணல் கொட்டிக் கிடக்கிறதே. வண்டி வண்டியாகக் கொண்டுவந்து விரித்துவிட்டார். அது என்ன அழகு என்கிறீர்கள்! வெயில் பட்டால் பட்டுச் சேலை மாதிரி மினுமினுக்கும். சிரஸ்தார் அக்கம்பக்கத்துக்காரர்களை எல்லாம் தாமே கூட்டி வந்து காட்டினார். அந்த யோசனை தம்முடையதுதான் என்றும் சொல்லிக்கொண்டார்.

பிறகு உச்சி வெயில் வந்தது. கருமணல் சூடு ஏறினால் எப்படி இருக்கும் என்று கடப்புறத்துக்காரர்களைக் கேளுங்கள். அஞ்சல்காரர் கேட்டிலிருந்து வாசலுக்கு ஓட்டமாக ஓடினார்; மீன்காரி வாசலுக்கு வரமாட்டேன் என்று ரோட்டிலேயே நின்று கூப்பிட்டாள். சரி, மனிதர்தான் நடக்க முடியவில்லை, மோட்டாராவது போகுமா என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வண்டியை வரவழைத்துப் பார்த்தார்கள். பாதி வழியில் அச்சுவரை இறங்கிவிட்டது. ஊரே கூடித் தள்ளியது.

அன்றைக்கு முதல் கருமணல் யோசனை மிக்கேலுடையதாகிவிட்டது. மராமத்து இன்ஜினீயருக்குப் பெட்டிஷன் மேல் பெட்டிஷன். மோசக்காரர், தொழில் தெரியாதவர், லைசென்ஸை ரத்துசெய்து பொதுஜனங்களைக் காப்பாற்ற வேண்டும்... இப்படி.

அந்த இன்ஜினீயர் என்னோடு காலேஜில் படித்தவர். இன்னும் ஒரு பெட்டிஷன் வந்தால் லைசென்ஸைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை, நீ போய்ச் சமாதானம் பண்ணிப் பாரேன், பத்திரிகையில் எழுதுகிறவன் சொன்னால் கேட்பார்கள் என்றார். பத்திரிகையில் எழுதுகிறவன் சொல்லி யார் கேட்டிருக்கிறார்கள்? வாசகர்களே, நீங்கள்தான் கேட்டிருக்கிறீர்களா? இருந்தாலும் போனேன்.

சிரஸ்தாருக்கு என்னைப் பார்த்ததில் பரம சந்தோஷம். மிக்கேலைப் பற்றி இந்தப் பத்தியில் எழுத வேண்டும் என்றார். எப்படித் தொடங்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். அவரிடமிருந்து கழன்றுகொள்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மிக்கேலை வேலி ஓரமாக அழைத்துப் போய்ப் பேசினேன். கோபக்காரர், ஆனால் கணக்காகப் பேசினார். கருமணல் போட்டது பிசகுதான், அதற்கு முன்னால் கல் பரப்பியிருக்க வேண்டும், கறுப்புக் கறுப்பு என்று சிரஸ்தார் உயிரை வாங்கியதில் நானும் மயங்கிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். அதற்காக லைசென்ஸா?

"கடப்புறத்துல பொறந்தவனுக்கு ரோட்டு வேலை தெரியுமான்னு கேட்டவன் எத்தறயோ பேரு உண்டு சார். லைசென்சு போச்சுன்னா அவனுவ மொகத்துல நான் எப்பிடி முழிக்கது?"

ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். மிக்கேல் கருமணலை வாரி எடுத்துவிட்டு, உடைகல் போட்டு, சரளை விரித்து, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்துத் தருவார். நான் ஒரு மோட்டாரில் வருவேன். வண்டி சிக்காமல் போர்ட்டிகோவுக்கு வந்து சேர்ந்தால் சிரஸ்தார் பெட்டிஷனை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். சிரஸ்தார் தலையை ஆட்டினார். ஆட்டிய விதம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

நினைத்தது சரியாகப் போயிற்று. கல் போட்டால் கல் பெரிசு என்றார். சரளை விரித்தால் சிவப்புப் போதாது என்றார். வளைவு நெருக்கமாக இருக்கிறது, கேட் தூண் வண்டியில் இடிக்கும்... தூணையே பிடுங்கித் தள்ளி நட்டார் மிக்கேல். நட்ட பிறகு தூண் சாய்வாக இருக்கிறதாம். மிக்கேல் நூல் பிடித்துக் காட்டினார். நூல் சாய்வாக இருக்கிறது என்றார் சிரஸ்தார்!

இப்படியும் ஒரு மனிதர் உண்டா என்று எனக்கு எரிச்சல் வந்தது. அடுத்த தடவை போனபோது நாலு வார்த்தை சூடாகக் கேட்டுவிடுவது என்றுதான் போனேன். அவர் கேட்டருகே எதையோ அளந்துகொண்டிருந்தார். அவர் மனைவி ஞானம்மாள் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தேயிலைத் தண்ணீர் கொடுத்தார். அதிகம் பேசாத அம்மாள். அன்றைக்கு ஏனோ பேசினார்.

ஒரே மகள், பெயர் கிரேசி. திருவனந்தபுரத்தில் வக்கீலுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய இடம். மருமகன் மோட்டார் வாங்கியதும், கிறிஸ்துமஸுக்குப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வண்டி கேட்டருகே சேற்றில் சிக்கிக்கொண்டது. மருமகன் பூட்ஸெல்லாம் சேறு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு வரவில்லை.

"போகச்சில மருமகன் சொன்னாரு தம்பி, ரோடு ஒண்ணு போடுங்க மாமா, பொறவு வந்து நாலு நாளு தங்குறோம்னு. இவரு பிற்றேன்னு விடியுமுன்னே கயிறு பிடிச்சு அளக்கத் தொடங்கியாச்சு."

பக்கத்து அறையைத் திறந்து காட்டினார். பெரிய கட்டில், பக்கத்திலே குழந்தைக்கென்று சின்னக் கட்டில். மெத்தையை வாராவாரம் வெயிலில் போட்டு எடுத்து வைக்கிறாராம். பேத்தி இப்போது ஓடித் திரிகிற பிராயம். இந்த அம்மாள் அவளை அந்த ஒரு மத்தியானம்தான் மடியில் வைத்திருந்தார். தூங்குகிற குழந்தையாகவே அவருக்கு ஞாபகம். கண் யாரைப்போல என்று தெரியவில்லை தம்பி என்றார்.

கேட்க வந்த நாலு வார்த்தையைக் கேட்காமலே திரும்பினேன். ஆனால் வழியெல்லாம் ஒரே குழப்பம். பாதை தீர்ந்தால் மகள் வருவாள். அப்படியானால் இந்த மனிதர் ஏன் பாதையைத் தீரவிடமாட்டேன் என்கிறார்?

பதில் போன சனிக்கிழமை கிடைத்தது. மோட்டார் சிக்காமல் வந்து நின்றது என்றேன் அல்லவா? சிரஸ்தார் தூணை விட்டுவிட்டுப் படியிறங்கி, பாதையில் மெல்ல நடந்தார். நானும் கூட நடந்தேன். குனிந்து பார்த்தார். காலால் மிதித்துப் பார்த்தார். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அரண்மனைக்குப் போகிற பாதை மாதிரி போட்டிருந்தார் மிக்கேல்.

பலா மரத்தடியில் நின்று என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"கிரேசி வந்திட்டுப் போயாச்சு வோய்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கருமணலில் வண்டி புதைந்த அந்த வாரம்தான், நாகர்கோவிலில் ஏதோ கல்யாணத்துக்கு வந்தார்களாம். திரும்பிப் போகிறபோது மார்த்தாண்டத்தில் சந்தைக் கூட்டத்தில் வண்டி நின்றிருக்கிறது. தற்செயலாக அங்கே போயிருந்த இவர் பார்த்துவிட்டார். பின்சீட்டில் மகள்; மடியில் பேத்தி. இவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம்.

"கைய ஆட்டுனேன். அவ காணல்ல. வண்டி போச்சு." காலால் ஒரு சரளைக் கல்லை ஓரமாகத் தள்ளினார். "கண்டாளோ, காணல்லியோ... காணல்லன்னு வச்சிருக்கேன்."

ஞானம்மாளிடம் இதைச் சொல்லவில்லையாம். ரோடு சரியில்லை, அதனால் வரவில்லை என்றே சொல்லிக்கொண்டு வந்தாராம். கல் பெரிசு, தூண் சாய்வு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி இழுத்ததெல்லாம் அதற்குத்தான்.

"இனி ரோடும் நல்லாயிருக்கு. அவகிட்ட நான் எதைச் சொல்லுவேன் வோய்?"

புகார் என்றால் இன்னார் மேல், இன்ன குற்றம் என்று எழுதி விலாசம் போட்டு அனுப்புகிறோம். போய்ச் சேர வேண்டிய விலாசம் பல சமயம் அது அல்ல. திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டிய புகாரை இந்த மனிதர் மராமத்து இலாகாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். பெற்ற பிள்ளை மேல் பெட்டிஷன் எழுத எந்தச் சிரஸ்தாருக்குத் தெரியும்?

ஆனால் மிக்கேல் லைசென்ஸ் என்ன ஆவது? அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோர்ட்டில் இருந்தவர், வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். போர்ட்டிகோவுக்குத் திரும்பி வந்தார். பேனாவைக் கேட்டு வாங்கி, வாபஸ் காகிதத்தில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். மிக்கேல் கும்பிட்டார்.

ஞானம்மாள் உள்ளேயிருந்து வந்தார். பாதையைக் கேட் வரைக்கும் ஒருதடவை பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"மிக்கேலு, கேட்டுக்குப் பக்கத்துல ஒரு பள்ளம் கெடக்குல்லா? மழை பெஞ்சா அங்கன வெள்ளம் கெட்டி நிக்குமே."

மிக்கேலுக்குச் சுருக்கென்றது. முகம் சிவந்தது. நூல் பிடித்து, மட்டம் பார்த்து, தண்ணீர் ஊற்றிச் சரிபார்த்த பாதை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். சிரஸ்தாரைப் பார்த்தார். கேட் வரைக்கும் நடந்து போனார். குனிந்தார். உள்ளங்கையால் அங்கே இங்கே தடவிப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"ஆமா அம்மா. கெடக்கு. நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

இத்தனை மாதத்தில் சிரஸ்தார் சொன்ன ஒரு குற்றத்தைக்கூடச் சண்டையில்லாமல் ஒப்புக்கொள்ளாதவர் மிக்கேல். மழைக்காலம் கழியட்டும், மண் இறுகின பிறகு வந்து பார்க்கிறேன் என்றார்.

"மெதுவாச் செஞ்சாப் போரும். வேலை முழுசும் தீரட்டு. பொறவு பிள்ளைக்குச் சொல்லி அனுப்புனாப் போரும்" என்றார் ஞானம்மாள்.

சிரஸ்தார் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் அப்பமே சொன்னேன்லா, கேட்டுப் பக்கம் சரியில்லன்னு" என்றார்.

விடைபெற்றேன். ஞானம்மாள் மோட்டார் வரைக்கும் கூட வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, கணவர் காதில் விழாதபடி மெல்லச் சொன்னார்.

"கல்யாணத்துக்குப் போன ஆளுவ எனக்கிட்டயும் வந்து சொன்னாவ தம்பி. அவருக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாரு."

இரண்டு பேரும் ஒரே பாரத்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் சுமந்துகொண்டிருக்கிறார்கள். இதில் மத்தியஸ்தம் பண்ண நான் யார்? தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினேன்.

கேட்டை நெருங்கியதும் டிரைவர் தோளைத் தொட்டு, "மெதுவாகப் போப்பா, பள்ளம் இருக்கிறது" என்றேன்.