தங்கை காதில் சொன்ன பெயர்

என் தங்கையின் பெயரை அடுத்தவருக்கு விளங்கவைத்தே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. எழிலி. யாங்கூனில் யாரிடம் சொன்னாலும் முதலில் என் வாயைப் பார்ப்பார்கள். இரண்டாம் முறை சொல்வேன். மூன்றாம் முறை சலித்துப்போய், பள்ளிக்கூடத்துக்காக வைத்த பர்மியப் பெயரான தீடாவைச் சொல்லிவிடுவேன். தமிழ்நாட்டுப் பக்கம் இப்போது எழிலிகள் மலிந்துவிட்டார்களாம், சென்னையிலிருக்கும் சொந்தக்காரர் ஒருவர் போனில் சொன்னார். நல்லது, அங்கே யாருக்கும் வாய் வலிக்காது.

அவள் பிறந்தபோது எனக்கு ஒன்பது வயது. தன் மகளின் பெயர் இந்த ஊரில் வேறு ஒருத்திக்கும் இருக்கக்கூடாது என்பது அப்பாவின் பிடிவாதம். ஏதோ ஒரு புத்தகத்தில் தேடிப் பிடித்தார். மேகம் என்று அர்த்தமாம். மழை பெய்கிற மேகமா, சும்மா போகிற மேகமா என்று அம்மா கேட்டதும் மறுபடி புத்தகத்தைப் புரட்டப் போனார்.

முப்பதாம் நாள் தொட்டிலில் போட்டு, குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டியவள் அத்தை. எங்கள் அத்தையோ அப்பாவின் பேச்சை மீறி ஒரு பர்மியரைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவுக்குப் போனவள். ஐந்து வருஷமாக அண்ணன் தங்கைக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அம்மாதான் விடாப்பிடியாக நின்று அவளை அழைக்க வைத்தாள்.

அத்தைக்குத் தமிழே பாதி மறந்திருந்தது, ழ எங்கிருந்து வரும்? கோயில் தமிழ் வகுப்பில் நான் முதல் மாணவி என்பதால் அவளைப் பழக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு வாரம், துணிக்கடை வேலை முடிந்ததும் படகேறி, பஸ் பிடித்து, தாகேதாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தாள். கன்னத்தில் காலையில் பூசிய தனக்கா மரப்பட்டைச் சாந்து வியர்வையில் கோடு கோடாக வழிந்திருக்கும். வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து, "இன்னொரு தரம் சொல்லும்மா" என்பாள். நான் சொல்வேன். அவள் "எலிலி" என்பாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். அவளும் கூடச் சிரிப்பாள்.

"பழகினா வந்துரும்ங்க" என்றாள் அம்மா.

"ஆமா, அத்தைக்கு மீசை மொளைச்சா சித்தப்பா" என்றார் அப்பா.

முப்பதாம் நாள் காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டு, அத்தைக்கு வந்துவிட்டதா என்று கேட்டார். "வரவே வராதுப்பா" என்றேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "அப்ப நீயே சொல்லிரு. நாலு பேரு முன்னாடி மானம் போக வேணாம்" என்றார். அத்தைக்கும் அது கேட்டது.

தொட்டிலுக்கு அவள் கொண்டுவந்திருந்த மஞ்சள் சேலையைக் கட்டினார்கள். அவள் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் குனிந்து மூன்று முறை சொன்னேன். ஒரு பிசிறு இல்லை. "நல்லா சொன்னேம்மா" என்று என் தலையைத் தடவினாள். சாப்பாட்டுக்கு நிற்காமல், படகு போய்விடும் என்று கிளம்பிவிட்டாள். தொல்லை விட்டது என்று அவளுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகும் எப்போதாவது வந்தாள். தங்கை வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அவளைப் 'பாப்பா' என்றே கூப்பிட்டாள். பெயர் வாயில் நுழையவில்லை, பாவம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

போன வருஷம் அத்தை இறந்தபோது டாலாவுக்குப் போனேன். தமிழில் ஒரு வார்த்தை தெரியாத அவள் கணவர் வாசலில் என்னைப் பார்த்ததும் பர்மிய மொழியில் கேட்டார், எழிலி வரவில்லையா என்று. ழ அவ்வளவு சுத்தமாக இருந்தது. நான் திகைத்து நின்றதைப் பார்த்து அவரே சொன்னார். பெயர் வைத்து மூன்றாம் நாளே அத்தைக்கு வந்துவிட்டதாம். அடுப்படியில் நின்று சொல்லிச் சொல்லி, கேட்டுக்கொண்டிருந்த அவருக்கும் ஒட்டிக்கொண்டதாம்.

ஒன்பது வயதில் எனக்கு ழ சொல்லத் தெரிந்திருந்தது. அண்ணன் வீட்டில் தனக்கு இன்னும் ஒரு இடம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த மனுஷி தினமும் ஆறு தாண்டி வந்தாள் என்பது தெரியவில்லை.